சேற்றில் ஜிம்னி, வெள்ளத்தில் ஃபார்ச்சூனர்

உயரமாக இருப்பதெல்லாம் காட்டுக்குப் போகும் வண்டி இல்லை. ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் நம்மைச் சுற்றி நிற்கும் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை முன்சக்கரம் மட்டும் இழுக்கும் கார்கள்தான். புரோட்டோன் எக்ஸ்50, பெரோடுவா அத்திவா இரண்டும் நல்ல குடும்ப வண்டிகள். ஆனால் மழை பெய்த மறுநாள் செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் அவற்றை இறக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். மண்ணுக்கு ஏற்ற வண்டியை அடையாளம் காண எனக்கு இரண்டு கேள்விகள் போதும். அடியில் ஏணிச் சட்டம் உண்டா? கியர்பெட்டியோடு, மெதுவாக ஆனால் அதிக விசையோடு நகர வைக்கும் லோ ரேஞ்ச் உள்ள ட்ரான்ஸ்ஃபர் கேஸ் உண்டா?

இரண்டுக்கும் ஆம் என்று சொல்லும் வண்டிகள் எங்கள் குடும்பத்தில் இரண்டு. கிள்ளானில் என் வீட்டு வாசலில் நிற்பது டொயோட்டா ஃபார்ச்சூனர், 2.4 லிட்டர் டீசல், நான்கு சக்கர இழுவை. பிரிக்பீல்ட்ஸில் தம்பி வீட்டில் நிற்பது சுசுகி ஜிம்னி, 1.5 லிட்டர் பெட்ரோல். சாவிகள் வாரக்கடைசியில் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டையும் ஒரே சேற்றில், ஒரே மழையில், ஒரே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்க முடிந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வண்டி வாங்க நினைக்கும் பலரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தவிக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் ஜிம்னி மலேசியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 169,000 வெள்ளி. அந்தப் பணத்துக்குச் சில ஆண்டுகள் ஓடிய ஃபார்ச்சூனரை வாங்கிவிட்டு மிச்சத்தில் டயரும் மாற்றிக்கொள்ளலாம். புதிய சின்ன வண்டியா, ஓடிய பெரிய வண்டியா என்பதுதான் கேள்வி.

முதலில் சேறு. நம் பக்கத்தில் சேறு ஒரே வகை இல்லை. கேரித் தீவு, காப்பார் பக்கம் கடலோரத் தோட்டங்களில் இருப்பது சாம்பல் நிறக் களிமண். டயரின் பள்ளங்களில் புகுந்து அடைத்துக்கொண்டால் டயர் வழுவழுப்பான உருளையாகிவிடும். ஹுலு லங்காட், கோலகுபு பாரு மலையடிவாரங்களில் செம்மண். மேலே அரை அங்குலம் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும், ஆனால் கீழே கெட்டியாக இருக்கும். கடலோரக் களியில் வண்டி புதையும்; செம்மண்ணில் வண்டி சறுக்கும். இந்த இரண்டு ஆபத்துக்கும் வேண்டியது வேறு வேறு.

புதையும் மண்ணில் எடைதான் எல்லாம். ஜிம்னியின் எடை சுமார் 1,100 கிலோ. ஃபார்ச்சூனர் 2,100 கிலோவை ஒட்டி வரும். நான்கு சக்கரத்துக்குப் பிரித்தால் ஜிம்னியின் ஒரு டயர் 275 கிலோவைத் தாங்குகிறது, ஃபார்ச்சூனரின் ஒரு டயர் 525 கிலோவை. ஜிம்னி டயரின் அகலம் 195 மில்லிமீட்டர், ஃபார்ச்சூனருடையது 265. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஜிம்னியில் 1.4 கிலோ, ஃபார்ச்சூனரில் ஏறக்குறைய 2 கிலோ. பெரிய வண்டிக்கு அகலமான டயர் போட்டும் அது மண்ணை அதிகமாகத்தான் அழுத்துகிறது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போகும் சாலையில் லோரிகள் உழுதுபோட்ட இடத்தை ஜிம்னி மேலாக மிதந்து கடந்துவிடும். அதே தடத்தில் ஃபார்ச்சூனர் வயிறு தட்டி நின்றதுண்டு. ஃபார்ச்சூனரின் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை அங்கே உதவிக்கு வருவதில்லை. மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்கே குழி தோண்டிக்கொள்கிறது. ஜிம்னியின் 130 நியூட்டன் மீட்டரே போதுமாக இருக்கிறது, ஏனென்றால் அது தூக்க வேண்டிய சுமை பாதிதான்.

இன்னொன்றும் உண்டு. ஜிம்னி மாட்டிக்கொண்டால் நான்கு பேர் தோள் கொடுத்தால் வெளியே வந்துவிடும். ஃபார்ச்சூனருக்கு இன்னொரு வண்டி வேண்டும், அல்லது வின்ச் வேண்டும். வின்ச் கட்டுவதற்கு மரம் வேண்டும், அந்த மரத்தின் பட்டை உரியாமல் அகல நாடா சுற்ற வேண்டும். தனியாகப் போகிறவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது.

செம்மண் ஏற்றத்தில் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. ஃபார்ச்சூனரின் லோ ரேஞ்ச் விகிதம் 2.566, ஜிம்னியுடையது 2.002. அதோடு டீசலின் இழுவையும் சேர்ந்து, ஃபார்ச்சூனர் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே நடந்து ஏறும். ஜிம்னிக்குக் கொஞ்சம் மிதிக்க வேண்டும், மிதித்தால் வழுக்கலில் சக்கரம் சுழலும். ஒரு சக்கரம் காற்றில் தூக்கிச் சுழன்றால் வண்டியே அந்தச் சக்கரத்துக்கு பிரேக் போட்டு எதிர்ச் சக்கரத்துக்கு விசையை அனுப்புகிறது. கேட்கும்போது ‘கட கட’ என்று பயமாக இருக்கும். பொறுமையாகக் காலை எடுக்காமல் இரண்டு விநாடி பிடித்திருந்தால் வண்டி ஏறிவிடும். அந்தச் சத்தத்தில் காலை எடுத்துவிடுகிறவர்கள்தான் ஜிம்னிக்குத் திறமை இல்லை என்று திரும்பி வருகிறார்கள்.

இறக்கங்களிலும் குறுக்கு வாய்க்கால்களிலும் ஜிம்னிதான். இரண்டு அச்சுகளுக்கு நடுவே 2,250 மில்லிமீட்டர்தான். ஃபார்ச்சூனரில் அது 2,745. தோட்டங்களில் நீர் வடிய வெட்டிய குறுக்குக் கால்வாயை ஜிம்னி முன்சக்கரம் ஏறி, பின்சக்கரம் ஏறி, வயிறு தொடாமல் தாண்டும். முன் ஏறுகோணம் 37 பாகை, பின் இறங்குகோணம் 49 பாகை. இந்த எண்கள் விளம்பரத் தாளில் வெறும் எண்கள். வாய்க்கால் கரையில் பம்பர் மண்ணைத் தொடாமல் போகும்போதுதான் அவற்றின் மதிப்பு தெரிகிறது.

இரண்டு வண்டிக்கும் பொதுவான ஒரு எச்சரிக்கை. இரண்டுமே பகுதிநேர நான்கு சக்கர இழுவை. முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன, நடுவில் டிஃப்ரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் 4எச், அதாவது நான்கு சக்கர இழுவையை, போட்டுக்கொண்டு வளைவில் திருப்பினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் போக வேண்டிய தூரம் வேறுபட, அந்த வேறுபாடெல்லாம் கியரிலும் ஷாஃப்டிலும் முறுக்காகச் சேரும். ஸ்டீரிங் கனக்கும், வண்டி விந்தி விந்தி நகரும். மழை தூறினாலே காராக் நெடுஞ்சாலையில் 4எச் போடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பிடிப்புள்ள ஈரத் தாருக்கும் அது தேவையில்லை. நல்ல டயரும் அளவான வேகமும் போதும்.

டயர் என்றதும் சொல்ல வேண்டும்: கடையிலிருந்து வரும் டயரோடு இரண்டு வண்டியும் பாதி வண்டிதான். ஆல் டெரைன் டயர் போட்டு, மண்ணில் இறங்குமுன் காற்றை ஃபார்ச்சூனரில் 20 பிஎஸ்ஐ-க்கும் ஜிம்னியில் 17-க்கும் இறக்கினால், அந்த ஒரு வேலைக்கே வண்டி வேறாகிவிடும். திரும்பித் தாருக்கு வந்ததும் காற்றடிக்கச் சின்ன கம்ப்ரெஸர் ஒன்று கட்டாயம் வேண்டும். மட் டெரைன் டயரை நான் பரிந்துரைக்க மாட்டேன். தினமும் கெசாஸ் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் அந்த இரைச்சலோடு குடும்பம் நடத்த முடியாது.

இனி தண்ணீர். 2021 டிசம்பர் 18 இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் மறக்காது. தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கின, ஹுலு லங்காட்டில் சாலைகள் அறுந்தன. படகு வைத்திருந்தவர்களும் உயரமான வண்டி வைத்திருந்தவர்களும் தாங்களாகவே கிளம்பி ஆட்களை ஏற்றினார்கள், சோற்றுப் பொட்டலங்களைக் கொண்டு சேர்த்தார்கள். அன்று முதல் என்னைப் பொறுத்தவரை காட்டு வண்டியின் பெரிய பரீட்சை காட்டில் இல்லை, நம் தாமான் சாலையில்தான் இருக்கிறது.

ஆவணப்படி ஃபார்ச்சூனர் கடக்கக்கூடிய நீரின் ஆழம் 700 மில்லிமீட்டர். ஜிம்னிக்கு 300 மட்டும். ஃபோர்ட் எவரெஸ்ட் 800 சொல்கிறது. நின்றிருக்கும் நீரில் இந்த எண்களை அப்படியே நம்பலாம், ஃபார்ச்சூனர் இங்கே தெளிவாக மேல். எஞ்சின் மூச்சு இழுக்கும் வாய் உயரத்தில் இருக்கிறது; டீசலுக்குத் தீப்பொறி வேண்டியதில்லை. மெதுவாக, நிற்காமல், முன்னால் சிறு அலை எழும்பும் வேகத்தில் போனால் அது முட்டளவுத் தண்ணீரைக் கடந்து வரும். ஜிம்னியை நான் அதில் விடமாட்டேன்.

ஓடும் நீர் வேறு. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். ஃபார்ச்சூனரின் அடிப்பரப்பு, வளைவுகளையும் சக்கர இடத்தையும் கழித்தால், சுமார் 8 சதுர மீட்டர். கதவு மூடிய வண்டியில் தரைத்தட்டுக்கு மேல் 10 சென்டிமீட்டர் நீர் ஏறினால் 800 கிலோ எடை குறைந்துபோகும். 26 சென்டிமீட்டர் ஏறினால் இரண்டு டன் வண்டியும் மிதக்கும். ஜிம்னியின் அடிப்பரப்பு 5 சதுர மீட்டர் என்று வைத்தால் அது மிதக்க 22 சென்டிமீட்டர் போதும். பெரிய வண்டிக்கும் சின்ன வண்டிக்கும் வித்தியாசம் நான்கு விரற்கடை கூட இல்லை! மிதப்பதற்கு முன்பே சக்கரத்தின் பிடி போய்விடும். ஃபார்ச்சூனரில் இருக்கிறோம் என்ற தைரியத்தில் ஓடும் வெள்ளத்தில் இறங்குகிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீரைக் கடந்து வந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றைப் பலரும் செய்வதில்லை. ஓடிச் சூடாக இருக்கும் பின் டிஃப்ரன்ஷியல் குளிர்ந்த நீரில் திடீரென்று இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கியதும் பிரீதர் எனும் மூச்சுக்குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுக்கும். ஒரு வெள்ளத்துக்குப் பின் எங்கள் வண்டியை வழக்கமான வர்க்‌ஷாப்பில் தூக்கி, ட்ரெய்ன் பிளக்கைத் திறந்தோம். தேன் நிறத்தில் வர வேண்டிய எண்ணெய் தே தாரேபோல் பால் கலந்து வந்தது. “அண்ணே, எண்ணெய்ல தண்ணி கலந்துருக்கு. பிரீதர் குழாய மேல ஏத்தி விட்டுடுறேன், இனிமே உள்ள இழுக்காது” என்றார் போர்மேன். ஒரு ரப்பர் குழாய், இரண்டு கிளிப், புது எண்ணெய். அவ்வளவுதான் செலவு. அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் பேரிங்கும் கியரும் துருப்பிடித்து, கணக்கு ஆயிரங்களில் போயிருக்கும்.

பிரிக்பீல்ட்ஸில் வைத்துக்கொள்ள ஜிம்னியைப்போல் ஒரு வண்டி இல்லை. ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய சின்னச் சாலைகளில், இரண்டு பக்கமும் வண்டி நிற்க நடுவே பூக்கடைக்காரரின் மோட்டார் சைக்கிள் நிற்க, 4.9 மீட்டர் திரும்பு ஆரம் பெரிய வரம். 3.6 மீட்டர் நீளம்தான். மற்றவர்கள் விட்டுப்போன இடத்தில் நிற்கும். ஃபார்ச்சூனர் 4.8 மீட்டர். தீபாவளிக்கு முந்தைய வாரம் அதை அங்கே கொண்டு போக நான் துணிவதில்லை.

ஆனால் அந்த ஜிம்னியிலேயே அம்மாவை ஏற்றிப் பாருங்கள். இரண்டு கதவு. முன் இருக்கையை மடக்கி, குனிந்து, கால் தூக்கிப் பின்னால் போக வேண்டும். எழுபதைத் தாண்டிய முழங்காலுக்கு அது ஆகாது. அம்மா முன்னால் உட்கார்ந்தால் பின்னால் இரண்டு பேர்; மொத்தமே நான்கு இருக்கை. பின் இருக்கையை நிமிர்த்தினால் சாமான் வைக்க 85 லிட்டர் இடம், அதாவது அர்ச்சனைப் பையும் குடையும். ஃபார்ச்சூனரில் படி வைத்து, கைப்பிடி பிடித்து அம்மா தானே ஏறிவிடுகிறார். மூன்றாம் வரிசையைப் பக்கவாட்டில் தூக்கி மாட்டிவிட்டால் அண்டா, பால்குடம், வாழைத்தார், பாய் எல்லாம் போகும். அந்த மூன்றாம் வரிசை தரைக்குள் மடங்காமல் இரண்டு பக்கமும் தொங்குவது மட்டும் எனக்கு இன்றும் பிடிக்காத விஷயம்.

நெடுஞ்சாலையில் ஜிம்னிக்கு வயது தெரிகிறது. நான்கே கியர். 110 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் உரக்கப் பேசும், பெட்டிபோன்ற உடலில் காற்று மோதும், லோரி கடந்து போனால் வண்டி ஓர் அடி நகரும். 90-இல் ஓட்டினால் அமைதி. ஈப்போவுக்குப் போய்வர ஃபார்ச்சூனர்; அதில் பேச்சு தடைபடாது, 80 லிட்டர் டேங்க் என்பதால் வழியில் நிறுத்தவும் தேவையில்லை. பின்னால் லீஃப் ஸ்பிரிங் வைத்த ஹைலக்ஸில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு ஃபார்ச்சூனரின் காயில் ஸ்பிரிங் எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

செலவு விஷயத்தில் காலம் டீசலுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் உதவித்தொகை எடுக்கப்பட்டு, லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஒரே நாளில் ஏறியது. தகுதி உள்ளவர்களுக்கு அப்போது மாதம் 200 வெள்ளி கைக்கு வந்தது, அது இடைவெளியைக் கொஞ்சம் அடைத்தது. பெட்ரோலுக்கோ 2025 செப்டம்பர் 30 அன்று குடிமக்களுக்கு ரோன் 95 லிட்டர் 1.99 வெள்ளி, மாதம் 300 லிட்டர் வரை என்று தொடங்கியது. எங்கள் கையில் ஃபார்ச்சூனர் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுக்கிறது, ஜிம்னி பன்னிரண்டைத் தாண்டுகிறது. 2025 விலையில் நூறு கிலோமீட்டருக்கு ஜிம்னி 16 வெள்ளி, ஃபார்ச்சூனர் டீசல் விலை இறங்கியிருந்த வாரத்தில்கூட 28, 30. சாலை வரியிலும் அப்படித்தான்: தனிநபர் பெயரில் ஜிம்னிக்கு ஆண்டுக்கு 120 வெள்ளி, 2.4 ஃபார்ச்சூனருக்கு 750-ஐ ஒட்டி, 2.8 என்றால் 1,200-ஐத் தாண்டும். 2.8-இன் 500 நியூட்டன் மீட்டர் இழுவை ஓட்ட இன்பம்தான். மண்ணில் அதனால் எனக்குக் கிடைக்கும் கூடுதல் பயன் மிகக் குறைவு. 2.4 போதும்.

மற்ற வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. எவரெஸ்ட்டின் பத்துக் கியர் பெட்டியும் உள் சொகுசும் ஃபார்ச்சூனரைவிட ஒரு படி மேல், புதிதாக வாங்க வசதி இருந்தால் முதலில் அதை ஓட்டிப் பாருங்கள். சீனத்திலிருந்து வந்த டேங்க் 300-க்கும் ஏணிச் சட்டமும் லோ ரேஞ்சும் உண்டு. ஆனால் பத்து ஆண்டு கழித்து உதிரிப்பாகம் எப்படிக் கிடைக்கும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். அந்த விஷயத்தில் கேமரன் மலையின் பழைய லேண்ட் ரோவர்களைவிடச் சிறந்த பாடம் இல்லை. கதவு இல்லாமல், கூரை இல்லாமல், காய்கறிக் கூடைகளைச் சுமந்துகொண்டு இன்றும் அவை செங்குத்துப் பாத்திகளுக்கு ஏறுகின்றன. எளிய இயந்திரம், எங்கும் கிடைக்கும் சாமான், தெரிந்த போர்மேன் என்ற மூன்றும் சேர்ந்ததால்தான் அவை பிழைத்திருக்கின்றன. கெம்பாராவையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1998-இல் பெரோடுவா கொண்டுவந்த அந்தச் சின்ன வண்டிக்கு லோ ரேஞ்ச் இல்லை, ஆனால் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும். தோட்டத்துக் குடும்பங்கள் எத்தனையோ அதை நம்பி இருந்தன. சாதாரணச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலையில் அதன் இடத்தை நிரப்ப இன்று எதுவும் இல்லை என்பது உண்மையிலேயே ஒரு குறை.

1997 முதல் மழைக்காலத்தில் நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியின் படங்களைப் பார்த்து வண்டி வாங்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. அங்கே கூரை வரை சேற்றில் நிற்கும் வண்டிகளுக்கு முன்னும் பின்னும் வின்ச், பூட்டும் டிஃப்ரன்ஷியல், உருட்டுக் கூண்டு எல்லாம் உண்டு. நம்முடையது பள்ளிக்குப் பிள்ளையை விடும் வண்டி. அந்த அளவுக்கு மாற்றப் போனால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல், புஸ்பாக்கோம் சோதனை, காப்புறுதி என்று வேறு பாதை தொடங்கும்.

காட்டுக்குள் போகவும் வழிமுறை உண்டு. சிலாங்கூரின் நிரந்தரக் காப்புக்காடுகளில் வண்டியோடு நுழைய மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதி மட்டும் போதாது, மழையையும் பார்க்க வேண்டும். 2022 டிசம்பர் 16 அதிகாலை பாத்தாங் காலியில் முகாம் இடத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டார்கள். அந்தச் சரிவில் யாருடைய வண்டியும் யாரையும் காப்பாற்றியிருக்காது. விடாமல் மழை பெய்த வாரத்தில் மலைப்பாதைக்குப் போகாதீர்கள்; எப்போது போனாலும் இரண்டு வண்டியாகப் போங்கள். பூர்வக்குடி மக்களின் கிராமங்கள் வழியாகச் செல்லும் பாதைகளில் அவர்களுடைய சாலையைக் குழிபறித்துவிட்டு வருவது பெரிய அநியாயம். சக்கரம் சுழலத் தொடங்கினால் திரும்பி வந்துவிட வேண்டும்.

ஆக, வீட்டுக்கு ஒரே வண்டிதான், பெரியவர்களும் பிள்ளைகளும் உண்டு, வீடு தாழ்வான பகுதியில் இருக்கிறது என்றால் ஓடிய ஃபார்ச்சூனர் 2.4. என் வீட்டு நிலை அதுதான், ஒன்றை விற்றே ஆக வேண்டும் என்றால் ஜிம்னிதான் போகும், மனம் வலித்தாலும். வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது, வாரக்கடைசியில் மண்ணும் மலையும் வேண்டும், ஊருக்குள் நிறுத்த இடம் இல்லை என்றால் யோசிக்காமல் ஜிம்னி. சேற்றில் இரண்டும் போட்டியிட்டால் பத்துக்கு எட்டு இடத்தில் அதுதான் முன்னால் போகும்.

ஓடிய வண்டி பார்க்கப் போகிறவர்கள் வெளிப்பூச்சைப் பார்த்து மயங்க வேண்டாம். பகலில் போங்கள், மழை இல்லாத நாளில் போங்கள். சட்டத்தின் உட்புறம் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். காய்ந்த சேறு உதிர்ந்தால் அந்த வண்டி வெள்ளமோ காடோ பார்த்திருக்கிறது. சீட்பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அதில் நீர்க்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். டிஃப்ரன்ஷியல் எண்ணெயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு காலியான மண் திடல் ஒன்றுக்கு ஓட்டிப்போய், நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, லோ ரேஞ்சுக்கு மாற்றிப் பாருங்கள். நகரத்திலேயே ஓடிய பல வண்டிகளில் அது வருடக்கணக்காகப் போடப்படாமல் இறுகிப்போயிருக்கும். விளக்கு எரிய வேண்டும், இறுக்கம் இல்லாமல் விழ வேண்டும், பத்து மீட்டர் முன்னும் பின்னும் சத்தமின்றி நகர வேண்டும். இதற்கெல்லாம் இடம் கொடுக்காத விற்பனையாளரிடம் விலை பேசவே உட்காராதீர்கள்.